மதுவும் புகையிலையும்: மக்கள் நலக் கேட்டை அளக்கும் மூன்று அளவுகோல்கள் – தமிழ்நாட்டை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மது, புகையிலை ஆகிய இரண்டனுள் மக்கள் நலத்துக்குப் பெருங்கேடு விளைவிப்பது எது என்னும் வினா பொதுவெளியிலும் கல்விப்புலத்திலும் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. இவ்வினாவுக்குரிய விடை, எடுத்துக்கொள்ளும் அளவுகோலுக்கேற்ப மாறுகிறது. உயிரிழப்பு, இழந்த வாழ்நாள், பிறர்க்கு விளையும் கேடு ஆகிய மூன்று அளவுகோல்களைக் கொண்டு இவ்விரு பொருள்களையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. உலக அளவிலான மதிப்பீடுகளோடு, சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நிகழ்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வின் முடிவுகளும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரு பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டங்களில், ஒன்றுக்குள்ள கருவி மற்றதற்கு இல்லாத நிலை காணப்படுவதையும் அதற்கான பண்பாட்டுப் பின்புலத்தையும் கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மது, புகையிலை, பீடி, காசநோய், காரணப் பங்கு, இழந்த வாழ்நாள், மதுவிலக்கு, எச்சரிக்கை வாசகம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் மது அரசியல் வினாவாகவும் புகையிலை மருத்துவ வினாவாகவும் கருதப்பட்டு வருகின்றன. மதுவிலக்கு தேர்தல் வாக்குறுதிகளில் இடம்பெறுகிறது. கடைகளை மூடக் கோரிப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடுகின்றனர். புகையிலைக்கு எதிராக அத்தகைய மக்கள் திரள் போராட்டம் நிகழ்வது அரிது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது மாநிலமே அதிர்ந்தது. அவ்வதிர்ச்சி முற்றிலும் நியாயமானது. அதே வேளையில், புகையிலையால் இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13.5 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இதனை நாள் கணக்கில் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,700 இறப்புகள் ஆகும். இவ்விறப்புகள் ஒரே ஊரில் ஒரே இரவில் நிகழாமல், பல்வேறு மருத்துவமனைகளில் மாரடைப்பு, புற்றுநோய், காசநோய் என வெவ்வேறு பெயர்களில் பதிவாகின்றன. ஆகவே அவை செய்தியாவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கேட்டையும் கணக்கில் மட்டும் தெரியும் கேட்டையும் எவ்வாறு ஒப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. இரண்டனுள் ஒன்றைக் குற்றவாளியாக்கி மற்றதை விடுவிப்பது இதன் நோக்கமன்று. ஒவ்வோர் அளவுகோலும் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதைத் தெளிவுபடுத்துவதே நோக்கமாகும்.

1. இரு பொருள்களின் பண்பாட்டு வரலாறு

மது தமிழ் மரபில் தொன்மையானது. கள், தேறல், நறவு முதலிய சொற்கள் சங்கப் பாடல்களில் பரவலாக வருகின்றன. அரசன் பாணர்க்கும் புலவர்க்கும் கள் வழங்குவது கொடையின் ஒரு கூறாகவே அங்கு இடம்பெறுகிறது. அறநூல் காலத்தில் இந்நிலை மாறுகிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாக வருகிறது. அது அறத்துப்பாலில் அமையாமல் பொருட்பாலில், வரைவின் மகளிர், சூது ஆகிய அதிகாரங்களுக்கு இடையில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. கள்ளுண்ணல் தனிமனிதத் தீவினை என்பதைக் கடந்து, நாட்டையும் பொருள்வாழ்வையும் குலைக்கும் செயலாக அங்குக் கருதப்பட்டுள்ளது என்று இவ்வைப்பு முறையிலிருந்து கொள்ளலாம்.

புகையிலைக்கு இத்தகைய நெடிய மறுப்பு மரபு இல்லை. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. எனவே சங்க இலக்கியத்திலோ அறநூல்களிலோ இதனைக் குறித்த விலக்கு இருப்பதற்கு வாய்ப்பில்லை. வந்த சில நூற்றாண்டுகளுக்குள் புகையிலை வெற்றிலை, பாக்குடன் சேர்ந்து விருந்தோம்பலின் பகுதியாயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலை விடு தூது, பழனி முருகன்பால் புகையிலையையே தூதாக அனுப்பும் சிற்றிலக்கியமாகும். தெய்வத்திடம் தூது செல்லும் தகுதி புகையிலைக்கு வழங்கப்பட்டதை, அது பெற்றிருந்த சமூக ஏற்புக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இவ்வேறுபாடு இன்றும் தொடர்கிறது. குடிப்பவர் ஒழுக்கம் தவறியவராகவும், புகைப்பவர் அல்லது புகையிலை மெல்லுபவர் ஒரு பழக்கம் உடையவராகவும் மதிப்பிடப்படுகின்றனர். ‘குடிகாரன்’ என்பது வசைச்சொல். புகைப்பவரைச் சுட்ட அதற்கு நிகரான வசைச்சொல் வழக்கில் இல்லை. பொருளின் நச்சுத்தன்மையை அளந்து பிறந்த வேறுபாடன்று இது. இரு பொருள்களும் நம் மரபுக்குள் நுழைந்த காலத்தாலும் முறையாலும் விளைந்தது. நலக்கேட்டை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை விலக்கி நோக்குதல் வேண்டும்.

2. முதல் அளவுகோல்: உயிரிழப்பு

உயிரிழப்பு எண்ணிக்கையே மிகப் பரவலாகப் பயன்படும் அளவுகோல். உலக சுகாதார அமைப்பின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மதுவால் 2019ஆம் ஆண்டில் 26 லட்சம் பேர் இறந்தனர் என அவ்வமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இது அவ்வாண்டு நிகழ்ந்த அனைத்து இறப்புகளிலும் 4.7 விழுக்காடு. இவ்வளவுகோலின்படி புகையிலையின் கேடு மதுவின் கேட்டைப்போல் ஏறத்தாழ மும்மடங்காகிறது.

இவ்வெண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியம். இறப்புச் சான்றிதழில் ‘புகையிலை’ என்றோ ‘மது’ என்றோ காரணம் எழுதப்படுவது அரிது. ஆய்வாளர்கள் ‘காரணப் பங்கு’ என்னும் கணக்கீட்டைப் பயன்படுத்துகின்றனர். ஒரு பழக்கம் மக்களில் எத்தனை பேரிடம் உள்ளது, அப்பழக்கம் உடையோர்க்கு ஒரு நோயால் இறக்கும் இடர் எத்தனை மடங்கு மிகுதி ஆகிய இரண்டையும் கொண்டு, அப்பழக்கம் இல்லாதிருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும் இறப்புகளின் பங்கு கணிக்கப்படுகிறது. சான்றாக, ஒரு மக்கள் தொகுதியில் 20 விழுக்காட்டினர் புகைப்பவர்கள், ஒரு நோயால் இறக்கும் இடர் அவர்களுக்கு 4.5 மடங்கு எனக் கொள்வோம். அந்நோயால் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு புகைப்பழக்கத்தின் பங்காகும். புகைப்போர் 40 விழுக்காட்டினராயின் அப்பங்கு 58 விழுக்காடாக உயரும். இடர் மாறாதபோதும் பழக்கத்தின் பரவல் மாறினால் கேட்டின் அளவு மாறும் என்பது இதனால் விளங்கும்.

மேற்கண்ட 4.5 என்னும் எண் கற்பனையன்று. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய விவரங்களை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் விவரங்களோடு ஒப்பிட்டு 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வின் முடிவு அது. சென்னையில் புகைப்பழக்கம் உடைய ஆண்கள் காசநோயால் இறக்கும் இடர், புகைக்காதவரைக் காட்டிலும் 4.5 மடங்காக இருந்தது. இந்திய ஆண்களிடையே காசநோயால் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்னும் முடிவுக்கு அவ்வாய்வு வந்தது.

இம்முடிவின் சிறப்பை உணரப் பிரிட்டானிய ஆய்வுகளோடு அதனை ஒப்பிட வேண்டும். ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகியோர் 1950இல் புகைப்பழக்கத்தை நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புபடுத்தினர். 1951இல் பிரிட்டானிய மருத்துவர்களிடையே அவர்கள் தொடங்கிய தொடராய்வின் ஐம்பதாண்டு முடிவுகள் 2004இல் வெளிவந்தன. தொடர்ந்து புகைப்போர் சராசரியாகப் பத்தாண்டு வாழ்நாளை இழக்கின்றனர் என்பதும், முப்பது வயதில் நிறுத்துவோர் அவ்விழப்பை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்க்கின்றனர் என்பதும் அம்முடிவுகளுள் தலையாயவை. பிரிட்டனில் புகையிலையின் முதன்மை அடையாளம் நுரையீரல் புற்றுநோய். தமிழ்நாட்டில் அதற்கு நிகரான இடத்தைக் காசநோய் பெறுகிறது. காசநோய்க் கிருமி பரவலாக உள்ள நாட்டில், புகை அக்கிருமிக்கு வழிவிடுகிறது. ஆகவே பிற நாட்டுக் கணக்கை அப்படியே இங்குப் பொருத்துதல் இயலாது.

புகைக்காத புகையிலையையும் இங்குக் கருத வேண்டும். 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போர் 10.7 விழுக்காடு; மெல்லுதல் முதலிய புகையற்ற வகையினர் 21.4 விழுக்காடு. புகைப்பவர்களிலும் சிகரெட்டைவிடப் பீடியைப் பயன்படுத்துவோரே மிகுதி. 2020இல் உலகில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 3.77 லட்சம் உதடு, வாய்ப் புற்றுநோயாளர்களுள் ஏறத்தாழ 1.36 லட்சம் பேர் இந்தியர் என்பதற்கு மெல்லும் புகையிலையும் பாக்கும் முதன்மைக் காரணங்கள்.

3. இரண்டாம் அளவுகோல்: இழந்த வாழ்நாள்

உயிரிழப்பு எண்ணிக்கை எல்லா இறப்புகளையும் சமமாக எண்ணுகிறது. இருபத்தைந்து வயதில் நிகழும் இறப்பும் அறுபத்தைந்து வயதில் நிகழும் இறப்பும் அதில் ஒன்றே. இக்குறையை நீக்க, இழந்த வாழ்நாள் என்னும் அளவுகோல் பயன்படுகிறது. எதிர்பார்க்கும் வாழ்நாளை 75 ஆண்டுகள் எனக் கொண்டால், குடித்துவிட்டு வாகனம் ஓட்டி 25 வயதில் இறப்பவர் 50 ஆண்டுகளை இழக்கிறார். நுரையீரல் புற்றுநோயால் 65 வயதில் இறப்பவர் 10 ஆண்டுகளை இழக்கிறார். இக்கணக்கில் முதல் இறப்பு இரண்டாவதைப் போல ஐந்து மடங்கு எடையுடையது. இதனோடு நோயும் இயலாமையும் கொண்டு கழித்த ஆண்டுகளையும் சேர்த்து எண்ணும் முறையும் உண்டு.

மதுவின் கேடு இளமையில் விளைவது. 2019இல் 20 முதல் 39 வயது வரையிலான பிரிவில் மதுவால் நேர்ந்த இறப்புகள் அப்பிரிவின் மொத்த இறப்புகளில் 13 விழுக்காடு. வேறு எந்த வயதுப் பிரிவிலும் மதுவின் பங்கு இவ்வளவு உயர்வாக இல்லை. மதுவால் நேர்ந்த 26 லட்சம் இறப்புகளில் ஏறத்தாழ 7 லட்சம் சாலை விபத்து, தற்கொலை, வன்முறை முதலிய காயங்களால் நிகழ்ந்தவை. புகையிலை பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே தன் விளைவைக் காட்டுகிறது. பதினைந்து வயதில் தொடங்கிய பழக்கம் ஐம்பது வயதில் நெஞ்சுவலியாக வெளிப்படுகிறது. மது அதே இரவில் உயிரைப் பறிக்கவும் கூடும். கல்லீரல் இழைநார் வளர்ச்சியாக மெல்லக் கொல்லவும் கூடும்.

இவ்வளவுகோல் புகையிலையின் முதன்மையை முற்றிலும் நீக்கிவிடுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையிலான தொலைவைக் குறைக்கிறது. குடும்பத்தின் பொருளீட்டும் உறுப்பினர் முப்பது வயதில் மறைவதற்கும் அறுபது வயதில் மறைவதற்கும் உள்ள வேறுபாடு, குழந்தைகளின் கல்வி, மனைவியின் வாழ்வு, கடன்சுமை ஆகியவற்றில் தெளிவாகத் தெரியும்.

மதுவுக்கு அடிமையாதலையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் 5.7 கோடிப் பேர்க்கு மருத்துவ உதவி தேவைப்படுகிறது. மது அருந்துவோரில் மூவரில் ஒருவர்க்கு மேல் சிகிச்சை தேவைப்படும் நிலையில் உள்ளனர் என்பது இதன் பொருள்.

4. மூன்றாம் அளவுகோல்: பிறர்க்கு விளையும் கேடு

புகைப்பவர் தம்மையே கெடுத்துக்கொள்கிறார்; குடிப்பவர் குடும்பத்தையும் கெடுக்கிறார் என்பது பரவலான கருத்து. இக்கருத்து பாதி உண்மையே. புகைக்காத 13 லட்சம் பேர் பிறர் விட்ட புகையால் ஆண்டுதோறும் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு 2023இல் கணித்தது. பிறர் குடித்ததால் சாலை விபத்தில் இறப்போரின் எண்ணிக்கை 2019இல் ஏறத்தாழ 1.56 லட்சம். பிறர் உயிரிழப்பை மட்டும் எண்ணினால், இங்கும் புகையிலையே முந்துகிறது.

எனினும் பிறர்க்கு விளையும் கேடு உயிரிழப்போடு முடிவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரை உடைய பெண்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். கணவர் குடிக்காத பெண்களிடையே இது ஏறத்தாழ 23 விழுக்காடு. அடிபட்ட பெண்ணும் அஞ்சி வளரும் குழந்தையும் இறப்புக் கணக்கில் இடம்பெறுவதில்லை. கூலியில் பெரும்பங்கு கடைக்குப் போவதும், அடகு போகும் நகையும், பள்ளியை விட்டு நிற்கும் மகளும் அக்கணக்குக்கு அப்பாற்பட்டவை.

இத்தகைய கேடுகளையும் சேர்த்து அளக்க முயன்ற ஆய்வுகளுள் டேவிட் நட் முதலியோர் 2010இல் லான்செட் இதழில் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. அவர்கள் 20 போதைப் பொருள்களை 16 அளவைகளால் மதிப்பிட்டனர். அவற்றுள் ஒன்பது பயன்படுத்துவோர்க்கு விளையும் கேட்டையும், ஏழு பிறர்க்கு விளையும் கேட்டையும் சார்ந்தவை. நூற்றுக்கு 72 மதிப்பெண்ணுடன் மது முதலிடம் பெற்றது. புகையிலைக்கு 26 மதிப்பெண் கிடைத்தது. ஹெராயின் கூட 55 மதிப்பெண்ணுடன் மதுவுக்குப் பின்னரே வந்தது. உயிரிழப்பின்படி முந்திநின்ற புகையிலை இங்குப் பின்தங்கியதற்குக் காரணம், குற்றம், குடும்பச் சிதைவு, பொருளாதாரச் செலவு முதலியவை அளவைகளாகச் சேர்க்கப்பட்டதேயாகும்.

அவ்வாய்வை இங்கு எடுத்தாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஒவ்வோர் அளவைக்கும் எவ்வளவு எடை என்பதை வல்லுநர் குழுவொன்று தன் மதிப்பீட்டால் முடிவு செய்தது. எடையை மாற்றினால் வரிசையும் மாறக்கூடும். இரண்டாவது, அது பிரிட்டானியச் சூழலுக்குரியது. பீடி, மெல்லும் புகையிலை, காசநோய் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் பெறும் இடத்தைப் பிரிட்டனில் பெறுவதில்லை.

புகையிலை பிறர்க்கு விளைவிக்கும் கேட்டில் ஒரு கூறு தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் முதலிய மாவட்டங்களில் பீடி சுற்றும் தொழிலில் பெண்களே மிகுதியாக ஈடுபட்டுள்ளனர். வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து நாள் முழுதும் சுற்றும் அவர்கள் புகைப்பவர்கள் அல்லர். எனினும் புகையிலைத் தூளை மூச்சாலும் தோலாலும் ஏற்கின்றனர். நுகர்வோரை மட்டும் எண்ணும் அளவுகோல் இவர்களைக் காண்பதில்லை.

5. சிறிதளவு என்னும் வாதம்

‘அளவோடு குடித்தால் கேடில்லை’, ‘ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட் தானே’ என்னும் இரு வாதங்களும் அடிக்கடி கேட்கப்படுபவை. 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்போரும் இருபது புகைப்போர்க்குரிய கூடுதல் இதயநோய் இடரில் ஏறத்தாழ பாதியை அடைகின்றனர் என்று காட்டியது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு இடர் என்னும் எளிய கணக்கு இங்குப் பொருந்துவதில்லை.

மதுவைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுபானங்களை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகை 1986இல் அப்பிரிவில் சேர்ந்தது. உடல் மதுவைச் சிதைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு மரபணுப் பொருளைத் தாக்குகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் மது புற்றுநோய் இடரைக் கூட்டுகிறது. நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. எனினும் மிகக் குறைந்த அளவில் இடரும் குறைவே. அளவு கூடக்கூட அது விரைந்து ஏறுகிறது. குடிப்போரில் மிகுதியாகக் குடிக்கும் சிறுபகுதியினர் மதுக்கேட்டின் பெரும்பகுதியைச் சுமக்கின்றனர்; புகைப்போரிலோ கேடு ஏறத்தாழ அனைவரிடமும் பரவியுள்ளது. இவ்வேறுபாடு மருத்துவ உதவியை எங்குக் குவிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும்.

6. ஓருடலில் இரு கேடுகள்

ஒப்பீடு இரு பொருள்களையும் தனித்தனியே நிறுத்துகிறது. வாழ்க்கையில் அவை சேர்ந்தே வருகின்றன. குடிக்கும்போது புகைப்போர் பலர். சென்னை, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களின் புற்றுநோய் மையங்களில் ஆண்களிடையே நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, புகைத்தல், மெல்லுதல், குடித்தல் ஆகியன வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் தனித்தும் சேர்ந்தும் செயல்படுவதை ஆராய்ந்தது. மது வாயின் மென்படலத்தை ஊடுருவக்கூடியதாக்குவதால் புகையிலையின் நச்சுப்பொருள்கள் எளிதில் உட்புகுகின்றன. ஆகவே இரண்டும் சேரும்போது இடர் கூட்டலாக உயராமல் பெருக்கலாக உயர்கிறது என்பது இத்துறை ஆய்வுகளில் நிலைபெற்ற கருத்து.

காசநோயிலும் இக்கூட்டு விளைவைக் காணலாம். நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் மது அருந்துவோர்க்குக் காசநோய் வரும் இடர் ஏறத்தாழ மூன்று மடங்கு எனத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. குடிப்பழக்கம் பல மாதம் தொடர வேண்டிய மருந்தை இடையில் நிறுத்தவும் காரணமாகிறது. புகை நுரையீரலைத் தளர்த்த, மது நோயெதிர்ப்பாற்றலையும் மருந்தொழுங்கையும் தளர்த்துகிறது. அவ்வாறு இறந்த ஒருவரின் இறப்பைப் புகையிலைக் கணக்கிலும் சேர்க்கலாம். மதுக் கணக்கிலும் சேர்க்கலாம். இரண்டு கணக்குகளையும் கூட்டினால் ஒருவரே இருமுறை எண்ணப்படுவார். ‘எது பெரிது’ என்னும் வினா தன் பொருளை இழக்கும் இடம் இதுவே.

7. சட்டக் கருவிகளின் ஏற்றத்தாழ்வு

இந்திய அரசமைப்பின் 47ஆம் உறுப்பு, மருத்துவத் தேவைக்கன்றிப் போதைப் பானங்களைப் பயன்படுத்துவதை விலக்க முயலுமாறு அரசை வழிநடத்துகிறது. புகையிலையை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. உலக அரங்கில் நிலை தலைகீழானது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் வரைவு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004இல் அதனை ஏற்புறுதி செய்தது. மதுவுக்கு அத்தகைய பன்னாட்டு உடன்படிக்கை இல்லை.

தமிழ்நாட்டில் மது, கிடைக்கும் இடத்தாலும் நேரத்தாலும் கட்டுப்படுத்தப்படுகிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது முதல், 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981இல் நீக்கப்பட்டது வரை, வரலாறு முழுவதும் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதே வினாவாக இருந்தது. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. இன்று 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பது குற்றம். பள்ளியிலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் கடைக்குக் குறைந்தபட்சத் தொலைவு உண்டு. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அதே வேளையில் மது விற்பனையால் 2023–24இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45,855 கோடி.

புகையிலைக்கு இதற்கு மாறான அமைப்பு உள்ளது. சிகரெட், பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. பொதுவிடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிரப்ப வேண்டும். ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குபவர் அப்பொட்டலத்தைப் பார்ப்பதே இல்லை. தேநீர்க் கடையில், பேருந்து நிறுத்தத்தில், தெருமுனையில் என எங்கும் எந்நேரமும் அது கிடைக்கிறது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த இழப்பீட்டு மேல்வரி பீடிக்கு விதிக்கப்படவில்லை.

எச்சரிக்கை வாசகங்களின் மொழியும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. தமிழ்நாட்டு மதுப்புட்டிகளில் நெடுங்காலம் இடம்பெற்ற வாசகம் நாடு, வீடு, உயிர் ஆகிய மூன்றுக்கும் மது கேடு என்று கூறியது. கேடு பிறர்க்கும் விளைவது என்னும் கருத்து அதில் உண்டு; எந்த நோய் வரும் என்னும் செய்தி இல்லை. 2018இல் வகுக்கப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்பு விதிகள் மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்னும் பொருளில் வாசகத்தைக் கட்டாயமாக்கின. அதற்குரிய எழுத்தின் குறைந்தபட்ச உயரம் பெரிய புட்டிகளுக்கு 3 மில்லிமீட்டர், படம் தேவையில்லை. வீடு அவ்வாசகத்தில் இடம்பெறவில்லை. புற்றுநோய், கல்லீரல் ஆகியனவும் இடம்பெறவில்லை. புகையிலைப் பொட்டலமோ நோயின் உருவத்தைப் படமாகக் காட்டுகிறது. பிறர்க்கு விளையும் கேட்டைச் சொல்வதில்லை. இவ்வாறு ஒவ்வொரு வாசகமும் மற்றதன் செய்தியைத் தன்னிடம் கொள்ளாது நிற்கிறது.

முடிவுரை

உயிரிழப்பை அளவுகோலாகக் கொண்டால் புகையிலையின் கேடு பெரிது. இழந்த வாழ்நாளைக் கொண்டால் இரண்டும் நெருங்குகின்றன. இளையோரிடையே மது முந்துகிறது. பிறர்க்கு விளையும் கேட்டில், உயிரிழப்பை மட்டும் எண்ணினால் புகையிலையும், வன்முறையையும் வறுமையையும் சேர்த்து எண்ணினால் மதுவும் முதன்மை பெறுகின்றன. இம்மூன்று விடைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே நிலையை வெவ்வேறு பக்கங்களிலிருந்து காட்டுபவை. எனவே இத்துறையில் ஒப்பீட்டு முடிவொன்றை எடுத்தாளும் ஆய்வாளர், அது எந்த அளவுகோலில் பெறப்பட்டது என்பதை உடன் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வாறு குறிப்பிடாத ஒப்பீடு, மதுவைக் காட்டிப் புகையிலையையும் புகையிலையைக் காட்டி மதுவையும் காப்பாற்றும் வாதமாக மாறிவிடும்.

இவ்வொப்பீட்டால் கிடைக்கும் நடைமுறைப் பயன், ஒன்றில் பயன்பட்ட கருவியை மற்றதற்கும் கொண்டுசெல்லலாம் என்பதாகும். மதுப்புட்டிக்குத் தெளிவான நோய் எச்சரிக்கையும் படமும் தேவை. புகையிலைக்கு விற்பனை உரிமமும், ஒற்றையாக விற்பதற்குத் தடையும், பீடிக்கும் சிகரெட்டுக்கும் இசைந்த வரியும் தேவை. காசநோய் மருத்துவ மையத்தில் புகையையும் குடியையும் ஒருசேர விசாரித்து உதவுதல் வேண்டும். பீடித் தொழிலை நம்பியிருக்கும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் வழங்காமல் பீடியைக் குறைப்பது அறமாகாது. பீடி சுற்றும் பெண்கள், குடிக்கும் கணவரால் அடிபடும் பெண்கள் ஆகிய இரு சாராரையும் தமிழ்நாட்டுச் சூழலில் முறையாகக் கணக்கிட்டு அளக்கும் ஆய்வுகள் இனி பெருக வேண்டும்.